வணிகர் மக்கள் பிரதிநிதியாகும்போது வாக்காளர் அறிய வேண்டியவை

தேர்தல்தோறும் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள், அதாவது சொத்து, கடன், வழக்கு ஆகியவற்றை உறுதிமொழியாக எழுதி வேட்புமனுவோடு அவர்கள் அளிக்கும் ஆவணங்கள், நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பிடிக்கின்றன. யாருக்கு எத்தனை கோடி என்ற கணக்கு சில நாட்கள் பேசப்பட்டு, வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் மறக்கப்படுகிறது. தொழில் நடத்தும் ஒருவர் அவைக்குள் சென்று அமர்ந்த பிறகு, அவருடைய தொழிலைத் தொடும் மசோதாவில் எப்படி வாக்களித்தார், எந்தக் குழுவில் இடம்பெற்றார், அமைச்சகத்திடம் எதைக் கேட்டார் என்பதை அவருடைய தொழில் நலனோடு பொருத்திப் பார்க்க வாக்காளருக்கு வழியே இல்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

தொழிலதிபர்கள் அரசியலுக்கு வரக் கூடாது என்று சொல்ல முகாந்திரம் எதுவும் இல்லை. சம்பளப் பட்டுவாடா செய்தவரும், வங்கிக் கடனுக்கு அலைந்தவரும், வரி அலுவலகத்தின் படியேறியவரும் சட்டமியற்றும் அவையில் இருப்பது நல்லதே. ஆனால் அவர் எந்த நலனோடு உள்ளே வருகிறார் என்பதைத் திறந்த ஏட்டில் எழுதிவைக்கும் நடைமுறை இல்லாதபோது, தவறு செய்பவர் தப்பிக்கிறார். தவறு செய்யாதவர் வாழ்நாள் முழுவதும் சந்தேகத்தைச் சுமக்கிறார்.

இதற்கு மிகத் தெளிவான சான்று தென் சென்னையிலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தென் சென்னை மக்களவைத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட டி.டி.கிருஷ்ணமாச்சாரி, வணிகராகத் தொடங்கி நாட்டின் நிதியமைச்சராக உயர்ந்தவர். நிதியமைச்சர் பதவியிலிருந்து இரண்டு முறை விலகியவர். முன்பு மௌப்ரேஸ் சாலை எனப்பட்டு இன்று அவர் பெயரால் டி.டி.கே. சாலை என வழங்கும் பாதையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கிறார்கள். அச்சாலையில் உள்ள மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆயினும் அவருடைய பொதுவாழ்வு எழுப்பிய கேள்விக்கு நாடாளுமன்றம் இன்னும் முழுமையாக விடையளிக்கவில்லை.

சோப்பு விற்பனையிலிருந்து அரசமைப்பு வரைவு வரை

1899 நவம்பர் 26 அன்று பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த டி.டி.கே., 1928இல் தம் பெயரிலேயே ஒரு விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு நிறுவனங்களின் சோப்பு, அழகுப் பொருள், சாக்லேட், பேனா போன்ற நுகர்பொருட்களை ஏஜென்சி முறையில், அதாவது உற்பத்தியாளரின் முகவராக இருந்து, தென்னிந்தியச் சந்தையில் கொண்டுசேர்ப்பதே அதன் தொழில். மொத்த வியாபாரிகளை மட்டும் நம்பியிராமல் சிற்றூர்க் கடை வரை பொருளைச் சேர்க்கும் ஒழுங்கான விநியோகத்துக்குத் தெற்கில் வழி வகுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், பின்னர் காங்கிரஸில் சேர்ந்து, மத்திய சட்டமன்றத்துக்கும் அதன்பின் அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். அரசமைப்புச் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் டி.பி.கெய்தான் மறைந்ததால் ஏற்பட்ட காலியிடத்தில் சேர்க்கப்பட்டார். குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஒருவர் விலகியது, ஒருவர் இறந்தது, ஒருவர் அமெரிக்காவில் இருந்தது என்பன போன்ற காரணங்களால் சட்டத்தை வரையும் சுமை முழுவதும் அம்பேத்கரின் தோளிலேயே விழுந்தது என்பதை 1948 நவம்பரில் சபையில் வெளிப்படையாகப் பதிவுசெய்தவர் அவர்தான். இந்தியை வற்புறுத்தித் திணித்தால் தெற்கு நாட்டிலிருந்து மனத்தளவில் விலகும் என்று அதே மாதத்தில் சபையை எச்சரித்தவரும் அவரே.

அடுத்த மாதமே அந்தச் சபையில், இன்றைய விவாதத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பிரச்சினை எழுந்தது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது தங்கள் சொத்து, தொழில் நலன்களை அறிவிக்க வேண்டும் என்ற விதியை அரசமைப்பிலேயே சேர்க்கும்படி பேராசிரியர் கே.டி.ஷா திருத்தம் கொண்டுவந்தார். அதன் நோக்கம் உயர்ந்தது என்று ஒப்புக்கொண்ட அம்பேத்கர், அறிவிப்புக்குப் பின்னால் தண்டிக்கும் வழிமுறை இல்லாவிட்டால் அறிவிப்பு மட்டும் போதாது என்றும், பொதுமக்கள் கருத்தும் சட்டமன்றத்தின் கண்காணிப்பும் அதைவிடச் சிறந்த காவல் என்றும் வாதிட்டார், திருத்தம் ஏற்கப்படவில்லை.

அம்பேத்கரின் வாதம் வலுவானதே. ஆயினும் பொதுமக்கள் கருத்து காவலாக நிற்க வேண்டுமானால், அதற்கு முதலில் தகவல் கிடைத்தாக வேண்டும். அந்தத் தகவலைத் தரும் பொறுப்பு யாருடையது என்பது அன்று தீர்மானிக்கப்படாமலேயே போயிற்று.

தன் குடும்பத்தின் இறக்குமதியைத் தடுத்த அமைச்சர்

1952இல் சென்னைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற டி.டி.கே., வணிகம், தொழில் துறை அமைச்சரானார். எந்த நிறுவனம் எதை, எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எந்தப் பொருளை யார் இறக்குமதி செய்யலாம் என்பவை அனைத்தும் அரசு தரும் உரிமத்தைச் சார்ந்திருந்த காலம் அது. இறக்குமதி வணிகத்திலேயே வளர்ந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர், இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் துறையின் தலைமையில் அமர்ந்தார். இன்றைய வழக்கில் இதற்கு நலன் முரண் என்று பெயர்: ஒருவர் பொதுக் கடமையாக எடுக்க வேண்டிய முடிவும், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ உள்ள சொந்த நலனும் ஒரே இடத்தில் மோதும் நிலை.

அந்த முடிவுகளின் விளைவு, பலரும் எதிர்பார்க்கக்கூடியதற்கு நேர்மாறாக இருந்தது. உள்நாட்டு உற்பத்தியை வளர்க்க அவர் கொண்டுவந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள், அவர் தொடங்கிய நிறுவனத்தின் ஏஜென்சி வியாபாரத்தையே கடுமையாகப் பாதித்தன. பிள்ளைகள் தலைமையில் இயங்கிவந்த அக்குழுமம் வேறு வழியின்றி உற்பத்தித் துறைக்குத் திரும்பி, காலப்போக்கில் தென்னிந்தியச் சமையலறைகளில் பிரஷர் குக்கரின் பெயராகவே நிலைபெற்றது.

நிதியமைச்சராக 1956 ஆகஸ்ட் இறுதியில் பொறுப்பேற்ற பிறகும் அவர் செல்வந்தர்களின் பக்கம் சாயவில்லை. பிரிட்டிஷ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரைகளைப் பின்பற்றி, 1957ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் செல்வ வரியையும் செலவின வரியையும் கொண்டுவந்தார். வருமானத்துக்கு மட்டுமல்லாமல், சேர்த்துவைத்த சொத்தின் மதிப்புக்கும், பெருஞ்செலவுகளுக்கும் தனித்தனியே வரி விதிப்பது இதன் பொருள். செல்வ வரி பல மாற்றங்களோடு 2015 வரை நீடித்தது. ஒரு வணிகர் தம் வர்க்கத்தின் எதிர்ப்பை அறிந்தே இத்தகைய வரிகளை விதித்தார் என்பது அவருக்குரிய பெருமை.

ஆனால் வாக்காளரின் பார்வையில் இங்கே ஒரு குறை இருக்கிறது. அமைச்சரின் முடிவு குடும்ப நலனுக்கு எதிராக அமைந்தது என்ற செய்தி, பின்னாளில் நிறுவன வரலாறுகளின் வழியாகவும் நினைவுகளின் வழியாகவும்தான் வெளியே வந்தது. அன்றைக்கே எந்தப் பொது ஆவணத்திலும் அவருடைய குடும்பத்தின் ஏஜென்சிகள் பட்டியலிடப்பட்டு, எந்தெந்த உரிமக் கோப்புகளிலிருந்து அவர் ஒதுங்கியிருந்தார் என்று எழுதப்பட்டிருந்தால், அவருடைய நேர்மைக்கு நிறுவன வரலாற்றாசிரியரின் சாட்சியம் தேவைப்பட்டிருக்காது.

1958: மக்கள் முன் நடந்த விசாரணை

முந்த்ரா விவகாரம் இந்தியாவின் நிதி முறைகேடுகளின் வரலாற்றில் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு 1956 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானது. பாலிசிதாரர்களின் பிரீமியம் முழுவதும் அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை, தன் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்காமலேயே ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு அக்கழகம் வாங்கியது. சாதாரணக் குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிய பணம், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு தொழிலதிபரைத் தாங்கிப்பிடிக்கச் செலவானது.

1957 டிசம்பரில் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி இதை மக்களவையில் அம்பலப்படுத்தினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. பொதுமக்கள் முன்னிலையில் நடந்த விசாரணையைக் கேட்கத் திரண்ட கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 24 நாட்களில் பணி முடிந்தது. துறைச் செயலாளர் எச்.எம்.பட்டேலின் செயலுக்கு அரசமைப்பு முறைப்படி அமைச்சரே பொறுப்பு என்று ஆணையம் கூறியது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இந்த விசாரணை அவருக்குப் பெரும் வலியைத் தந்திருக்கும். ஆனால் அதன் முடிவில் எல்லாம் தெளிவாக இருந்தன. அமைச்சர் சொந்த ஆதாயம் அடைந்தார் என்று ஆணையம் சொல்லவில்லை. துறையின் தவறுக்குத் துறைத் தலைவர் பதில் சொல்ல வேண்டும் என்றே சொன்னது. எந்த அளவுக்குத் தவறு, எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது எழுத்தில் பதிவானதால்தான் நான்காண்டுகளில் அவர் பொதுவாழ்வின் உச்சிக்கு மீண்டும் வர முடிந்தது. 1962இல் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு அமைச்சரவைக்குத் திரும்பிய அவர், 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். சிறு சேமிப்பாளர் பங்குச் சந்தையில் கூட்டாக முதலிட வழி செய்த யூனிட் டிரஸ்டும், தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்கும் இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கியும் 1964இல் அவர் காலத்தில் செயல்பாட்டுக்கு வந்தவை.

1965: நடக்காமல் போன விசாரணை

இரண்டாவது விலகல் வேறு வகையானது; இக்கட்டுரையின் பார்வையில் அதுவே அதிக முக்கியமானது. நிதியமைச்சரின் பதவி அவருடைய மகன்கள் நடத்திய நிறுவனங்களுக்குச் சாதகமாகப் பயன்பட்டது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் 1965இல் குற்றஞ்சாட்டி மனு அளித்தார்கள். குற்றச்சாட்டில் முதல்நோக்கிலேனும் பொருள் இருக்கிறதா என்று இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தைப் பெறலாம் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கருதினார். பிரதமரே தம்மீது நம்பிக்கை தெரிவித்துக் குற்றச்சாட்டை ஒதுக்கித்தள்ள வேண்டும் என்று எதிர்பார்த்த டி.டி.கே., அந்த யோசனையை ஏற்க மறுத்து, 1965 டிசம்பர் 31 அன்று பதவி விலகினார். சில நாட்களில் தாஷ்கண்ட் சென்ற சாஸ்திரி 1966 ஜனவரி 11 அன்று அங்கேயே காலமானார். விவகாரம் அத்தோடு நின்றது.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவும் இல்லை, பொய்யென்று அறிவிக்கப்படவும் இல்லை. 1974 மார்ச்சில் டி.டி.கே. மறைந்தபோதும் அது அந்த நிலையிலேயே இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அவரைப் போற்றுகிறவர்கள் அதை அரசியல் பழிவாங்கல் என்கிறார்கள். ஐயுறுகிறவர்கள் நெருப்பில்லாமல் புகையுமா என்கிறார்கள். இரு தரப்பினரிடமும் ஆவணம் இல்லை.

இங்கே ஒரு உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் விதியே இல்லாமல் இருக்கவில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சந்தானத்தின் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு தன் அறிக்கையை 1964இல் அளித்தது. அதே ஆண்டில் அமைச்சர்களுக்கான நடத்தை நெறிமுறை வகுக்கப்பட்டது. தாமும் தம் குடும்பத்தாரும் கொண்டுள்ள சொத்து, கடன், தொழில் நலன்களை அமைச்சர் தெரிவிக்க வேண்டும். உரிமையை விட்டுவிட வேண்டாமென்றாலும் தொழில் நிர்வாகத்தோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறியது. ஆனால் அந்த விவரத்தைப் பெறும் இடம் பிரதமர் மட்டுமே. பொதுமக்கள் அல்லர், நாடாளுமன்றமும் அன்று. பிரதமரின் மேசைக்குள் இருக்கும் தாளால் குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றவும் முடியாது, குற்றவாளியைப் பிடிக்கவும் முடியாது.

இதே நிதித் துறையில் அதற்கு முன்பும் ஒரு தமிழர் இதைப் போன்றே வீழ்ந்திருந்தார். தொழில் பின்னணியோடு வந்து சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே.சண்முகம் செட்டியார், வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில தொழிலதிபர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார்.

இன்றைய சட்டத்தின் எல்லை

உச்ச நீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளால்தான் வேட்பாளர்களின் சொத்து விவரம் மக்களுக்குக் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, வேட்பாளரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் அவரைச் சார்ந்தோரும் எந்த வழியில் சம்பாதிக்கிறார்கள், அரசோடு என்ன ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் தெரிவிக்க வழி செய்தது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆயினும் பிரமாணப் பத்திரம் என்பது வேட்புமனு நாளன்று எடுக்கப்படும் ஒரே ஒரு கணக்கு. அதன்பின் ஐந்தாண்டுகளில் வாங்கிய நிறுவனம், தொடங்கிய கூட்டுத்தொழில், ஏற்ற இயக்குநர் பதவி ஆகியவை அடுத்த தேர்தல் வரை பொதுமக்களுக்குத் தெரியவருவதில்லை.

மாநிலங்களவையில் உறுப்பினர் நலன் பதிவேடு ஒன்று உண்டு. ஊதியம் பெறும் இயக்குநர் பதவி, தொடர் வருவாய் தரும் பணி, ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு உள்ள பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி ஆகிய ஐந்தையும் உறுப்பினர் அதில் தெரிவிக்க வேண்டும். தம் நலனைத் தொடும் பொருள் விவாதத்துக்கு வந்தால் அதை அறிவித்த பின்னரே பேச வேண்டும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மக்களவையில் இத்தகைய பதிவேடு இதுவரை இல்லை. சொத்து, கடன் விவரங்களைப் பதவியேற்ற 90 நாட்களுக்குள் அவைத் தலைவரிடம் அளிக்க வேண்டும் என்ற சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது; சட்டமன்ற உறுப்பினர்களை அல்ல.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கவோ பணி செய்யவோ ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் தகுதியிழக்கச் செய்கிறது. ஆனால் நிறுவனம் என்பது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்போது, அதன் பங்குகளை வைத்திருக்கும் உறுப்பினரை இப்பிரிவு பெரும்பாலும் தொடுவதில்லை. பெரிய தொழில்கள் எல்லாம் நிறுவனங்களாகவே இயங்கும் இக்காலத்தில், 9ஏ பிரிவு பிடிப்பது சிறு ஒப்பந்தக்காரரை மட்டுமே.

அமெரிக்காவில் உள்ள நடைமுறை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தொழில் உலகிலிருந்து வந்தவர்கள் பலர். தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்து இலினாய் மாநிலத்தில் வளர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, ஈழத் தமிழரான இயற்பியலாளர் சிவலிங்கம் சிவானந்தன் நிறுவிய சிவானந்தன் ஆய்வகங்களின் தலைவராக இருந்து, 2017 ஜனவரியில் அச்சபையில் நுழைந்தார். பெலகாவி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீ தானேதார், வேதியியல் ஆய்வு நிறுவனங்களை நடத்தியபின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து 2023இல் உறுப்பினரானார்.

அங்கே நுழையும் தொழிலதிபர் தம் நிறுவனங்களையும் முதலீடுகளையும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்பது 1978 முதல் சட்டம். 2012இல் வந்த மற்றொரு சட்டப்படி, ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட பங்கு வர்த்தகத்தை 45 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். ஊதியம் பெற்றுக்கொண்டு நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. வெளியே உழைத்து ஈட்டும் வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பிரிட்டனில் 1970களிலிருந்து நலன் பதிவேடு இருக்கிறது. மாற்றம் நிகழ்ந்த 28 நாட்களுக்குள் உறுப்பினர் அதைப் பதிய வேண்டும்.

இந்த விதிகளால் அந்நாடுகளில் பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடவில்லை. பங்கு வர்த்தகத்தையே உறுப்பினர்களுக்குத் தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் ஓயாமல் எழுவதே அதற்குச் சான்று. ஆனால் ஒரு செய்தியாளரோ கல்லூரி மாணவரோ உறுப்பினரின் வாக்கையும் அவருடைய முதலீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது. தென் சென்னையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

தியாகராய நகருக்கும் பள்ளிக்கரணைக்கும் என்ன தொடர்பு

இது டெல்லிப் பிரச்சினை என்று தோன்றலாம். தென் சென்னைத் தொகுதியின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால், அப்படி இல்லை என்பது விளங்கும். தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் அனுமதித்த உயரத்தையும் பரப்பையும் மீறிய வணிகக் கட்டடங்கள் பற்றிப் பல ஆண்டுகளாக வழக்குகள் நடந்திருக்கின்றன. அத்தகைய கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் சட்டத் திருத்தங்கள் 1990களின் இறுதியிலிருந்து சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கின்றன. அந்தத் திருத்தங்களுக்கு வாக்களித்தவர்களில் யாருக்கெல்லாம் கட்டுமானத் தொழிலிலோ வணிக வளாகங்களிலோ நலன் இருந்தது என்பதை மயிலாப்பூரில் வசிக்கும் ஒருவர் எந்த அரசு ஏட்டைப் புரட்டியும் தெரிந்துகொள்ள முடியாது.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய நிலத்தின் விலை, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. எல்லையை வரையும் அரசாணை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நிலத்தை உயர்த்துகிறது அல்லது தாழ்த்துகிறது. மழைக்காலத்தில் வேளச்சேரியின் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரம் வீடிழந்தவர்களுக்கு நிலப்பயன்பாட்டுத் திட்டம் வெறும் வரைபடம் அல்ல.

தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் 2009இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது. கல்வி அறக்கட்டளைகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர் எல்லாக் கட்சிகளிலும் உறுப்பினர்களாக இருந்துவருகிறார்கள். கட்டணம் பற்றிய விவாதத்தில் பள்ளி நடத்தும் உறுப்பினர் பேசுவது தவறன்று. அவருடைய அனுபவம் அவைக்குத் தேவை. அவர் பள்ளி நடத்துபவர் என்பது பேச்சுக்கு முன்னால் அவைக் குறிப்பில் ஏறினால் போதும், கேட்பவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார்.

செய்யக்கூடியவை

முதல் தேவை, மக்களவையிலும் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் நலன் பதிவேடு. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். இரு அவைகளும் தங்கள் நடைமுறை விதிகளைத் திருத்தினாலே போதும். ஆனால் மாநிலங்களவைப் பதிவேட்டை அப்படியே நகலெடுப்பது பயன் தராது. கட்டுப்படுத்தும் அளவுக்கு உள்ள பங்கை மட்டுமன்றி, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட எல்லாப் பங்குகளும் அதில் வர வேண்டும். வாழ்க்கைத் துணை, மகன், மகள் ஆகியோரின் நிறுவனங்களும் வர வேண்டும், ஏனெனில் 1965இல் எழுந்த குற்றச்சாட்டு அமைச்சரின் சொந்தப் பங்குகளைப் பற்றியது அன்று. சென்னைப் பெருநகர எல்லைக்குள் உள்ள நிலங்கள் புல எண்ணோடு பதிவாக வேண்டும். மாற்றம் நேர்ந்த 30 நாட்களுக்குள் பதிவு திருத்தப்பட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும், பெயரைத் தட்டினால் தேடிப் பார்க்கும் வடிவில் இணையத்தில் இருக்க வேண்டும். வருடிப்போட்ட காகிதப் படங்களைக் குவித்துவைப்பது வெளிப்படைத்தன்மை ஆகாது.

நிலைக்குழுக்களில், அதாவது மசோதாக்களையும் துறைகளின் செலவையும் அவைக்கு வெளியே அமர்ந்து நுணுகி ஆராயும் குழுக்களில், தம் தொழிலை நேரடியாக ஒழுங்குபடுத்தும் துறையின் குழுவில் ஒருவரை நியமிக்கும்போது அவருடைய பதிவை அவைத் தலைவர் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். உறுப்பினர் எந்தக் கூட்டத்தில் ஒதுங்கியிருந்தார் என்பது குழுவின் அறிக்கையில் அச்சாக வேண்டும். ஒதுங்கியதற்கான அந்த ஒரு வரி, நேர்மையான தொழிலதிபருக்குக் கிடைக்கும் சிறந்த கவசம்.

குற்றச்சாட்டு எழும்போது யார் விசாரிப்பது என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. இப்போதுள்ள நெறிமுறைக் குழுக்களில் உறுப்பினர்களே உறுப்பினர்களை விசாரிக்கிறார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ தீர்ப்பும் அந்தப் பக்கம் என்ற ஐயம் தவிர்க்க முடியாததாகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நெறிமுறை ஆணையராக இரு தரப்பின் ஒப்புதலோடு நியமித்து, 90 நாட்களுக்குள் விசாரணையை முடித்து அறிக்கையை வெளியிட வேண்டும் என்று விதி செய்யலாம். சாக்ளா 24 நாட்களில் முடித்ததை நினைத்தால், 90 நாட்கள் தாராளமானவை. உறுப்பினர் இடையில் பதவி விலகினாலும் விசாரணை நிற்கக் கூடாது என்பதையும் அந்த விதி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அரசியல் கட்சிகள் இதற்காக எந்த விதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தொழிலதிபரை வேட்பாளராக அறிவிக்கும் கட்சி, அவர் வென்றால் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகுவார் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியை அறிவிப்போடு சேர்த்தே வெளியிடலாம்.

தென் சென்னை மக்கள் இதைத் தொடங்கிவைக்கும் நிலையில் இருக்கிறார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, பெசன்ட் நகர், வேளச்சேரி பகுதிகளில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் சாலைக்கும் குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் மனுப் போட்டுப் பழகியவை. பொதுநலன் சார்ந்த எந்தப் பொருளைப் பற்றியும் மக்களவைக்குக் குடிமக்கள் மனு அளிக்கலாம்; உறுப்பினர் வழியாக அளிக்கும்போது அவர் அதில் மேலொப்பம் இட வேண்டும். நலன் பதிவேடு கோரும் மனு ஒன்றை இச்சங்கங்கள் கூட்டாக எழுதி, கட்சி வேறுபாடு பாராமல் தங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் கொடுத்து அந்தக் கையொப்பத்தைக் கேட்க வேண்டும்; சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் பேரவைத் தலைவருக்கான மனுவைக் கொடுக்க வேண்டும்; யார் கையொப்பமிட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பதை அடுத்த தேர்தலுக்கு முன் தங்கள் தெரு அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.